கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன ஆபரேஷன்: முதல் 24 மணி நேரம் போனை எடுப்பது யார்?

ஷிப்மென்ட் வாரம் வந்துவிட்டால் திருப்பூரில் தூக்கம் பாதியாகிவிடும். ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் முதல் பேக்கிங் சூப்பர்வைசர் வரை எல்லோர் முகத்திலும் அது தெரியும். "ஏனுங்க, கண்ணு இப்படி வீங்கிக் கிடக்குது, தூங்கலீங்களா?" என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். பையருடன் வீடியோ காலில் உட்கார்ந்தால், ஸ்க்ரீனின் ஓரத்தில் தன் முகத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ரீல்ஸில் ஒரு விளம்பரம் வரும்: கண்ணுக்குக் கீழே இருக்கும் பையை ஒரே நாளில் எடுத்துவிடலாம், தழும்பு தெரியாது, ஈஎம்ஐ வசதியும் உண்டு.

இதன் பெயர் கீழ் இமை அறுவை சிகிச்சை. மருத்துவர்கள் 'லோயர் பிளெஃபரோபிளாஸ்டி' என்பார்கள். சரியான ஆளுக்கு, சரியான கையால் செய்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிற சிகிச்சைதான். ஆனால், பிரச்னை வந்தால் அது அழகோடு நிற்காது, கண்ணுக்குள் போகும். அப்போது எல்லாவற்றையும் தீர்மானிப்பது நேரமும் தூரமும். விளம்பரத்தில் இந்த இரண்டும் இருக்காது.

ரைசா வில்சன் பகிர்ந்த அந்தப் படம்

2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். கண்ணுக்குக் கீழே வீங்கி, கன்றிப்போயிருந்தது. சாதாரண ஃபேஷியலுக்குப் போன இடத்தில் தேவையில்லாத ஒரு சிகிச்சையைச் செய்ய வைத்துவிட்டதாகத் தோல் மருத்துவர் மீது புகார் சொன்னார். மருத்துவர் தரப்பு அதை மறுத்தது. நஷ்டஈடு, சட்ட நடவடிக்கை என இரண்டு பக்கமும் பேச்சு வளர்ந்தது.

யார் சொன்னது சரி என்பதை விட்டுவிடுவோம். தமிழ்நாடே பார்த்த அந்த வீக்கம் கத்தி வைத்த அறுவை சிகிச்சையால் வந்ததுகூட இல்லை. கண்ணுக்குக் கீழே உள்ள தோல், உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று. அங்கே சின்னதாக ரத்தம் கசிந்தாலும் முகம் முழுக்கத் தெரியும். அந்த இடத்தில் கத்தி வைத்தால் என்னென்ன ஆகலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் 'பை' எங்கிருந்து வருகிறது?

கண் உருண்டையைச் சுற்றி மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கிறது. கீழ்ப்பக்கம் அது மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். வயதாக ஆக, அதைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய சவ்வு தளர்ந்து, கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வரும். சிலருக்குப் பரம்பரையாக 25 வயதிலேயே இப்படி இருக்கும்.

ஆனால், கண்ணுக்குக் கீழே தெரிவதெல்லாம் கொழுப்புப் பை கிடையாது. தூக்கமின்மை, உப்பு அதிகமான சாப்பாடு, அலர்ஜி ஆகியவற்றாலும் வீங்கும். பஞ்சு தூசியில் நாள் முழுக்க நின்று கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வீக்கமும் வரும், கருப்பும் படியும். சிறுநீரகப் பிரச்னை, தைராய்டு பிரச்னை இருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது சில நேரம் கண்ணைச் சுற்றிய வீக்கம்தான். காலையில் அதிகமாக இருந்து மதியத்துக்குள் வடிந்துவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் நீர்க்கோவை. அதை ஆபரேஷனால் சரிசெய்ய முடியாது.

கருவளையமும் அப்படித்தான். நம் ஊர்த் தோலில் கண்ணைச் சுற்றி நிறம் கூடுதலாக இருப்பது சகஜம். கொழுப்பை எடுத்தால் அந்த நிறம் போய்விடாது. இதை முன்பே சொல்லாமல் பணம் கட்டச் சொல்கிற இடத்தில் சற்று யோசிக்க வேண்டும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இமையின் உள்பக்கமாகத் திறந்து கொழுப்பை எடுப்பது அல்லது இடம் மாற்றி வைப்பது. வெளியே தழும்பு இருக்காது. இன்னொன்று, கீழ் இமை முடிகளுக்குச் சற்றுக் கீழே தோலில் வெட்டி, கொழுப்போடு தொங்கும் தோலையும் எடுப்பது. தோல் அதிகம் தொங்காத இளம் வயதினருக்குப் பொதுவாக முதல் வழியே போதும். இரண்டாவது வழியில் இமை கீழே இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டு வழியிலும் எவ்வளவு எடுப்பது என்பதில் நிதானம் தேவை. கொழுப்பை அதிகமாக எடுத்துவிட்டால் கண் குழி விழுந்து, முன்பைவிட வயதான தோற்றம் வரும். கொழுப்புப் பகுதிகளுக்கு நடுவே கண்ணை அசைக்கும் ஒரு தசையும் ஓடுகிறது. அதில் அடிபட்டால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

எது நார்மல், எது நார்மல் இல்லை?

வீக்கமும் கன்றலும் எல்லோருக்கும் வரும். பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வடியும். முதல் சில நாள் கண் உறுத்தும், நீர் வடியும், மருந்துக் களிம்பால் பார்வை லேசாக மங்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

சிலருக்கு வெண்விழி மேல் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு படலம் வீங்கி நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சொட்டு மருந்திலும் காலப்போக்கிலும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். இரண்டு வாரத்தில் ஆபீஸ் போய்விடலாம் என்ற கணக்கு இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

கண் வறட்சி இன்னொரு பிரச்னை. ஏற்கெனவே வறட்சி இருப்பவர்களுக்கு அது கூடும். ஏசி ரூமில் பத்து மணி நேரம் ஸ்க்ரீன் பார்ப்பவர்களும், பஞ்சு பறக்கும் கட்டிங், செக்கிங் செக்‌ஷன்களில் வேலை செய்பவர்களும் இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். லேசிக் செய்து சில மாதங்களே ஆகியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இமை இறங்கிப்போனால்...

ஒரு டி-ஷர்ட்டின் கழுத்து ரிப்பை நினைத்துப் பாருங்கள். இழுத்து விட்டால் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் கழுத்து தொளதொளவென்று தொங்கும். துணியில் எவ்வளவு இழுவை இருக்கிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று டெஸ்ட் செய்யாமல் எந்த மெர்ச்சண்டைசரும் அப்ரூவல் கொடுக்க மாட்டார்.

கீழ் இமையும் இதே கதைதான். கண்ணின் இரண்டு மூலைகளிலும் உள்ள தசைநார்கள் அதைத் தொட்டில் மாதிரி கட்டிப் பிடித்திருக்கின்றன. மேல் இமைக்குள் சுமார் 10 மி.மீ. உயரத்துக்கு உறுதியான தட்டு போன்ற திசு இருக்கிறது. கீழ் இமையில் அது சுமார் 4 மி.மீ.தான். அதனால் தோலைக் கொஞ்சம் அதிகமாக எடுத்தாலும், உள்ளே தழும்பு இறுகினாலும், இமை கீழே இறங்கிவிடும்.

அப்படி இறங்கினால் கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். கண் வட்டமாக, எப்போதும் அதிர்ச்சியில் இருப்பது போலத் தோன்றும். இன்னும் மோசமானால் இமை வெளிப்பக்கமாகப் பிரிந்து நிற்கும். தூங்கும்போதுகூடக் கண் முழுதாக மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகும். அழகுக்காகப் போனவர் பார்வையைக் காப்பாற்ற மருத்துவமனைக்கு அலைய வேண்டிய நிலை வரும்.

இதைத் தடுக்க, ஆபரேஷனுக்கு முன்பே இமைக்கும் ஒரு 'இழுவை டெஸ்ட்' உண்டு. டாக்டர் கீழ் இமையை விரலால் முன்னால் இழுத்து விடுவார். கண் சிமிட்டாமலேயே அது சட்டென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். மெதுவாகப் போனால் இமை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆபரேஷனோடு சேர்த்து இமையின் வெளி மூலையை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கும். கண் உருண்டை இயல்பாகவே முன்னால் தள்ளியிருப்பவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. பத்து விநாடி வேலைதான். இதைக்கூடச் செய்யாமல் வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்தே தேதி கொடுக்கும் இடத்தை நம்பக் கூடாது.

லேசாக இறங்கிய இமை, மசாஜிலும் சில மாதக் காத்திருப்பிலும் சரியாவது உண்டு. திருத்த ஆபரேஷன் தேவை என்றாலும், கருவிழிக்கு ஆபத்து இல்லாதவரை தழும்பு இளகும் வரை பொறுக்கச் சொல்வார்கள். ஆனால், பொறுக்கவே முடியாத ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒன்றரை மணி நேரக் கணக்கு

அது கண்ணுக்குப் பின்னால் ஏற்படும் ரத்தக்கசிவு. கண் உருண்டை உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கு விரிய இடம் கிடையாது. உள்ளே ரத்தம் தேங்கினால் அழுத்தம் ஏறி, விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் ரத்த ஓட்டம் தடைபடும். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால், போன பார்வை திரும்பாமலே போகலாம்.

எவ்வளவு அரிது? அமெரிக்காவில் இமை அறுவை நிபுணர்களிடம் எடுத்து 2004-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, சுமார் 2.7 லட்சம் இமை ஆபரேஷன்களைக் கணக்கில் எடுத்தது. கண்ணுக்குப் பின்னால் ரத்தக்கசிவு சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு. நிரந்தரப் பார்வை இழப்பு அதைவிடவும் அரிது. மிக அரிதுதான். ஆனால், இது இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்களின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

உடனே கவனித்தால் இதற்கு வைத்தியம் இருக்கிறது. கண்ணின் வெளி மூலையைச் சின்னதாக வெட்டி, அங்குள்ள தசைநாரை விடுவித்தால் அழுத்தம் இறங்கும். தெரிந்த டாக்டருக்குச் சில நிமிட வேலை. ஸ்கேன் எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத அவசரம் இது. அதனால் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சில நிமிடத்துக்கு ஆள் எங்கே இருக்கிறார்?

இந்த அறிகுறிகளில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது:

- ஒரு கண்ணில் மட்டும் வலி கூடிக்கொண்டே போவது
- இமை கல் மாதிரி இறுகி, கண் முன்னால் தள்ளுவது
- களிம்பைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாக, இருட்டாக, இரண்டாகத் தெரிவது
- வலியோடு சேர்ந்து வாந்தி

முதல் இரவில் ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிரே உள்ளவரின் விரல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதனால் அன்று ராத்திரி ஹாஸ்டல் ரூமில் தனியாகப் படுக்காமல், துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வது அவசியம்.

சனிக்கிழமை ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை லீவு

திருப்பூர் காலண்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு நாள் லீவு. சனிக்கிழமை சாயங்காலம் முடித்துக்கொண்டு, ஞாயிறு படுத்து எழுந்து, கூடவே இரண்டு நாள் லீவு போடலாம் என்றுதான் எல்லோருக்கும் கணக்குப் போடத் தோன்றும். ஆனால், இந்த ரத்தக்கசிவு பெரும்பாலும் வருவது முதல் 24 மணி நேரத்துக்குள். சனிக்கிழமை மாலை செய்தால் அந்த 24 மணி நேரமும் பல கிளினிக்குகள் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும்.

அடுத்தது தூரம். திருப்பூரிலிருந்து கோவை சுமார் 50 கி.மீ. அவிநாசி வழியாகப் போனாலும் பல்லடம் வழியாகப் போனாலும் டிராஃபிக்கைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் என்றால் இன்னும் அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி ரோட்டிலேயே போய்விடும். சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு அன்று ராத்திரியே ரயில் ஏறி ஊர் திரும்புகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எனவே கோவையிலோ சென்னையிலோ செய்தால், முதல் இரவு அந்த ஊரிலேயே, செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். ரூம் வாடகையை ஆபரேஷன் செலவில் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பிய பிறகு ஏதாவது ஆனால், செய்த டாக்டரைத் தேடிக்கொண்டு 50 கி.மீ. ஓடக் கூடாது. கண் மருத்துவர் டியூட்டியில் இருக்கும் பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கும் ராத்திரி கண் பிரிவில் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

'ஊசிதானே' என்ற நினைப்பு

கத்தி வேண்டாம், ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் அதிகம். நேரம் குறைவு, லீவும் பெரிதாகத் தேவையில்லை. ஆனால், மருந்து தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் ஏறினால் அது கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்து, நிமிடங்களில் பார்வையைப் பறிக்கலாம். அரிதுதான். ஆனாலும் பியூட்டி பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து எடுக்கிற ரிஸ்க் இல்லை அது.

யார் செய்யலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி மாற்று சிகிச்சைக்குப் பிறகு உயிரிழந்தார். அவர் போன இடம் முடி திருத்தும் நிலையமாக மட்டுமே உரிமம் பெற்றிருந்தது தெரியவந்தது. 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் பிறகு 21 வயதில் இறந்தார். இரண்டும் இமை ஆபரேஷன் இல்லை. ஆனால், இரண்டிலும் எழுந்தது இடத்தைப் பற்றிய கேள்வி: அவசரம் வந்தால் சமாளிக்க அங்கே என்ன இருந்தது?

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அழகு அறுவை சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இவை அவசர சிகிச்சைகள் அல்ல, முறையான அறுவைப் பயிற்சி உள்ளவர்களே செய்ய வேண்டும், யூடியூப் பார்த்தோ வொர்க்‌ஷாப் போய்வந்தோ கற்றுக்கொண்டது போதாது என்பது அதன் சாரம். கீழ் இமையைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் சர்ஜனோ இமை அறுவையில் பயிற்சி பெற்ற கண் மருத்துவரோ செய்ய வேண்டும். இந்தக் கண் மருத்துவர்களை 'ஆக்குலோபிளாஸ்டி' நிபுணர் என்பார்கள்.

தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். டாக்டரின் பதிவை தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிக்கக் கூடாது என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. ஆனாலும் ரீல்ஸில் ஆஃபர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதைக் கண்காணிக்க வேண்டியது அரசும் கவுன்சிலும். அந்தச் சுமை முழுக்க நோயாளியின் தலையில் இறங்குவது நியாயமில்லை.

பிரச்னை வந்துவிட்டால்?

சிக்கல் வந்தாலே டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை. நல்ல கையிலும் சிக்கல் வரும். ஆனால், அந்த ரிஸ்க்கை முன்பே சொன்னார்களா, வலி என்று போன் செய்தபோது உடனே பார்த்தார்களா என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து அவசரம் இல்லாத இன்னொரு சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. 2019-ம் ஆண்டின் சட்டப்படி, ஆபரேஷன் சென்னையில் நடந்திருந்தாலும், வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம். திருப்பூர்க்காரர் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு 2 ஆண்டுகள். இன்னொன்று: அழகு சிகிச்சைக்குப் பொதுவாக மருத்துவக் காப்பீடு கிடைக்காது. திருத்த ஆபரேஷன் வந்தால் அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க 7 கேள்விகள்

1. எனக்கு இருப்பது கொழுப்பா, நீர்க்கோவையா, வெறும் நிறமா?
2. இமை இழுவை டெஸ்ட்டும் கண் வறட்சி டெஸ்ட்டும் செய்துவிட்டீர்களா?
3. கத்தி வைப்பது நீங்களா, வேறு ஆளா? அவருடைய படிப்பும் பதிவு எண்ணும் என்ன?
4. நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதை, எப்போது நிறுத்த வேண்டும்? (ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் இ போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். இதயத்துக்காக மாத்திரை எடுப்பவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.)
5. பிபி கட்டுக்குள் இல்லை என்றால் தேதியைத் தள்ளி வைப்பீர்களா?
6. முதல் நாள் ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பது ரிசப்ஷனா, டாக்டரா?
7. அவசரம் என்றால் எந்த மருத்துவமனை? அங்கே இமையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கத் தெரிந்தவர் அந்நேரம் இருப்பாரா?

ஆறாவது, ஏழாவது கேள்விகளுக்குத் தெளிவான பதில் சொல்லும் இடம் கொஞ்சம் காசு கூட வாங்கினாலும் பரவாயில்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று மட்டும் பதில் வந்தால், அட்வான்ஸைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வரலாம். கண்ணுக்குக் கீழே இருக்கும் பையால் உயிருக்கும் ஆபத்தில்லை, பார்வைக்கும் ஆபத்தில்லை. இன்னும் ஆறு மாதம் யோசித்து முடிவெடுத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.